விமானி யூஜின் புல்லார்டின் வாழ்வும் தொண்டும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

முதல் உலகப் போரில் பிரெஞ்சு வான்படையின் தொடக்ககாலப் போர் விமானிகள் என்று சொன்னால், நூல்கள் முதலில் இரண்டு பெயர்களைச் சொல்லும். ஒருவர் ரோலான் காரோ. சுழலும் விசிறியின் ஊடே இயந்திரத் துப்பாக்கியைச் சுடுவதற்காக, விசிறியின் அலகுகளில் எஃகுத் தகடு பொருத்தி 1915 ஏப்ரலில் பறந்தவர். மற்றவர் ஜார்ஜ் கினிமேர். மெலிந்த உடலினர் என்று படையில் சேர்க்க மறுக்கப்பட்டு, விமானக் கொட்டகையில் பயிற்சித் தொழிலாளியாக நுழைந்து, பின்னர் 53 பகை விமானங்களை வீழ்த்திய பெருமையுடன் 1917 செப்டம்பர் 11ஆம் நாள் வானில் மறைந்தவர். கினிமேரின் பெயர் பாரிசு நகரத்துப் பாந்தியோன் மண்டபச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

கினிமேர் மறைந்த அதே மாதத்தில், அதே பிரெஞ்சு வான்படையில், அதே வகை விமானத்தில் ஒரு கார்ப்பொரல் பறந்துகொண்டிருந்தார். கரிய நிறத்தினர், அமெரிக்க நாட்டில், அடிமையாய்ப் பிறந்தவர்களின் வழிவந்த குடும்பத்தினர். யூஜின் புல்லார்டு என்பது அவர் பெயர். அவர் வீழ்த்தியதாக அரசு ஏடுகள் ஒப்புக்கொண்ட விமானம் ஒன்றுகூட இல்லை. அப்படியிருக்க, வெற்றிக்கணக்கில் உயர்ந்தவர்களை விட்டு இவரை நான் எடுத்துக்கொண்டது ஏன் என்று கேட்கலாம். வெற்றிக்கணக்கைக் கொண்டு அளக்க முடியாத வாழ்வு இது. பேச்சின் போக்கில் அது விளங்கும் என்று நம்புகிறேன்.

1895 அக்டோபர் 9ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பசு என்னும் ஊரில் புல்லார்டு பிறந்தார். பத்து மக்களுள் ஏழாமவர். தந்தையார் கூலித் தொழிலாளி. தாயார் இவர் சிறுவனாய் இருக்கும்போதே காலமானார். அடிமை முறை சட்டத்தால் ஒழிந்து 30 ஆண்டுகள் கடந்திருந்த காலம் அது. ஆயினும் தென் மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனி வண்டி, தனித் தண்ணீர்க் குழாய் என்று சட்டமே பிரித்து வைத்தது. வாக்குரிமை ஏட்டளவில் நின்றது. வெள்ளையர் கும்பல் கூடி ஒருவரை இழுத்துச் சென்று மரத்தில் தூக்கிலிட்டால் கேட்பார் இல்லை. அவ்வாறு கொலையுண்டோர் ஆயிரக்கணக்கினர்.

புல்லார்டின் வீட்டு வாசலுக்கும் ஓர் இரவு அத்தகைய கும்பல் வந்தது. வேலை செய்யும் இடத்தில் வெள்ளை மேற்பார்வையாளன் ஒருவன் இழிவாக நடத்த, தந்தையார் திருப்பி அடித்துவிட்டார். இரவில் குடித்துவிட்டு வந்தவர்கள் கதவைத் தட்டினர். தந்தையார் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் அமர்ந்திருந்தார்; பிள்ளைகள் மூச்சடக்கிக் கிடந்தனர். வீட்டில் ஆள் இல்லை என்று எண்ணிக் கும்பல் திரும்பியது. பிற்காலத்தில் தம் வரலாற்றைத் தாமே எழுதிய புல்லார்டு, இந்த இரவைப் பற்றி விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். பிரான்சு என்றொரு நாடு இருக்கிறது, அங்கே நிறம் பார்த்து மனிதனை மதிப்பதில்லை என்று தந்தையார் அவருக்குச் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைச் சிறுவன் அப்படியே பிடித்துக்கொண்டான்.

பள்ளியில் அவர் பயின்றது சில ஆண்டுகளே. பதினொரு வயதளவில் வீட்டைவிட்டு வெளியேறினார். பிரான்சு எத்திசையில் உள்ளது என்பதும் அறியாத பிள்ளை. குதிரை வளர்த்து ஊர் ஊராகச் செல்லும் நாடோடிக் கூட்டத்தாருடன் சேர்ந்து அலைந்தார். குதிரைகளைப் பேணக் கற்றார். கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் தம் மக்கள் இவ்வளவு துன்பமின்றி வாழ்வதாக அவர்கள் சொன்னார்கள். 1912இல் வர்ஜீனியா மாநிலத்து நார்போக்குத் துறைமுகத்தில் ஜெர்மானியச் சரக்குக் கப்பல் ஒன்றில் ஒளிந்துகொண்டார். கப்பல் அவரைக் காட்லாந்து நாட்டு அபர்தீன் நகரில் இறக்கிவிட்டது.

அங்கிருந்து கிளாசுகோ, லிவர்ப்பூல். துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்; கேளிக்கை அரங்குகளில் கோமாளி வேடம் பூண்டார்; பிறகு குத்துச்சண்டை பயின்றார். 1913 நவம்பரில் பாரிசில் ஒரு பந்தயத்திற்காக முதன்முறை கால் வைத்தார். அவ்வளவுதான், அந்நகரைவிட்டுப் போக மனம் வரவில்லை. கலைக்குழு ஒன்றுடன் ஐரோப்பிய நகரங்களைச் சுற்றியதில் ஜெர்மானிய மொழியும் பேச வந்தது. பிரெஞ்சு மொழியை வீதியிலேயே கற்றார். பள்ளி விட்ட பிள்ளை, இருபது வயதுக்குள் மூன்று மொழிகள் பேசினார். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்; பள்ளி வேண்டா என்பதற்கு இதைச் சான்றாக்கிக் கொள்ளாமல் இருந்தால் போதும்.

1914 ஆகத்தில் போர் மூண்டது. வேற்று நாட்டார் பிரெஞ்சுப் படையில் சேர ஒரே வழி அயல்நாட்டார் படைப்பிரிவு. பத்தொன்பது வயது நிறைந்த அக்டோபர் மாதத்தில் புல்லார்டு அதில் பெயர் கொடுத்தார். இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் சேர்ந்தார். 1915இல் ஆர்த்துவா, சாம்பாஞ்சு ஆகிய களங்களில் அவருடைய படைப்பிரிவு அடைந்த இழப்பு மிகப் பெரிது. பிரிவே சிதைந்து, எஞ்சியவர்கள் வேறு அணிகளுக்கு மாற்றப்பட்டனர். புல்லார்டு 170ஆம் காலாட்படை அணிக்குச் சென்றார். அவ்வணியோடு 1916 பிப்ரவரியில் வெர்டன் களத்தில் இறங்கினார்.

வெர்டனைப் பற்றி நீளப் பேச நேரமில்லை. பிப்ரவரி 21இல் தொடங்கி டிசம்பர் வரை நீண்ட அப்போரில், இரு தரப்பிலுமாக ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் மாண்டனர். மார்ச்சு 5ஆம் நாள் வெடிகுண்டுச் சிதறல் பாய்ந்து புல்லார்டின் தொடை கிழிந்தது. பல மாதம் லியோன் நகரில் படுக்கையில் கிடந்தார். குருவா தெ கேர் என்னும் போர்ச் சிலுவைப் பதக்கம் மார்பில் ஏறியது. ஆனால் காலாட்படைக்கு இனி ஆகார் என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர்.

நடக்க ஆகாதவர் பறக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. அதைக் கேட்ட அமெரிக்க நண்பர் ஒருவர் நகைத்தார். கறுப்பன் எவனும் விமானியானதில்லை என்றார். இரண்டாயிரம் டாலர் பந்தயம் கட்டினார்கள். படைவீரர்களின் வேடிக்கைப் பந்தயம்தான் இது; ஆயினும் அந்த நகைப்பின் அடியில் இருந்த நம்பிக்கை வேடிக்கையானதன்று. பிற்காலத்தில் ஓர் அரசே அதை எழுத்தில் வடித்தது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

1916 அக்டோபரில் வான்படையில் சுடுவீரர் பயிற்சிக்குச் சேர்ந்து, விரைவில் விமானி வகுப்புக்கு மாற்றம் பெற்றார். தூர், சாத்தோரு, அவோர் ஆகிய ஊர்களில் பயிற்சி. அக்காலப் பிரெஞ்சுப் பள்ளிகளின் முறையை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. புதியவனுக்குச் சிறகு வெட்டப்பட்ட ஒரு விமானத்தைக் கொடுப்பார்கள். அது தரையில் ஓடும், எழும்பாது. பறவையாயிருந்தும் பறக்க இயலாத பென்குவினின் பெயரையே அதற்கு வைத்திருந்தனர். அதை நேர்கோட்டில் ஓட்டத் தெரிந்த பிறகே மெல்ல எழும்பும் விமானம் கிடைக்கும். பல பள்ளிகளில் ஆசிரியர் உடன் ஏறுவதில்லை. தரையில் நின்று சொல்வார், மாணவன் தனியே பறப்பான். தவறினால் உயிர் போகும். பாராசூட்டு எனப்படும் வான்குடை அப்போது பிரெஞ்சுப் போர் விமானிகளுக்குத் தரப்படவில்லை.

1917 மே 5ஆம் நாள் பிரெஞ்சு வானூர்திக் கழகம் அவருக்கு 6950 எண்ணுள்ள உரிமத்தை வழங்கியது. பந்தயத்தை வென்றார்; பணத்தையும் பெற்றார்.

உலகின் முதல் கறுப்பின விமானி இவரே என்று சிலர் எழுதுவதுண்டு. அது மிகை. ஜமைக்காவில் பிறந்த வில்லியம் ராபின்சன் கிளார்க்கு பிரிட்டானிய வான்படையில் அதே ஆண்டு ஏப்ரலிலேயே தகுதி பெற்றார். துருக்கியப் பேரரசின் படையில் அகமது அலி என்பவரும் இருந்தார். அமெரிக்கக் கறுப்பர்களுள் முதல் போர் விமானி புல்லார்டு என்பதே சரி. உண்மையான பெருமை இருக்கும்போது மிகையான பெருமை நமக்கு எதற்கு?

ஆகத்துத் திங்களின் இறுதியில் வெர்டன் பகுதியில் இருந்த 93ஆம் விமான அணிக்கும், செப்டம்பரில் 85ஆம் அணிக்கும் அனுப்பப்பட்டார். அவர் ஓட்டிய சுபாடு விமானம் ஒற்றை இருக்கையுடையது, மேல்மூடி இல்லாதது. கடுங்குளிரில் எண்ணெய்ப் புகை முகத்தில் படிய, ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் பறக்க வேண்டும். ஓட்டுவதும் அவரே, சுடுவதும் அவரே. ஜிம்மி என்று ஒரு குரங்கை வளர்த்தார்; அதையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போர்ப் பறப்புக்குச் சென்றார் என்பார்கள். ஓடும் குருதி யாவும் சிவப்பே என்னும் பொருள்படும் பிரெஞ்சு வாசகத்தைத் தம் சின்னமாக்கிக் கொண்டார். ஏறத்தாழ இருபது முறை களத்தின்மேல் பறந்தார். இரண்டு பகை விமானங்களை வீழ்த்தியதாக அவர் கூறினார். அவை எதிரியின் எல்லைக்குள் வீழ்ந்தமையால் சான்று கிடைக்கவில்லை. ஆதலின் ஏட்டில் ஏறவில்லை. அந்த விதி எல்லா விமானிகளுக்கும் பொதுவானது; அதில் குறை கூற இடமில்லை.

குறை கூற இடமுள்ளது வேறிடத்தில். 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியிருந்தது. பிரெஞ்சு வான்படையில் பறந்த அமெரிக்கர் இருநூறுக்கும் மேற்பட்டோர். அவர்களைத் தன் படைக்கு மாற்றிக்கொள்ள அமெரிக்க அரசு முன்வந்தது. மருத்துவக் குழு வந்து ஒவ்வொருவரையும் ஆராய்ந்தது. புல்லார்டும் விண்ணப்பித்தார். அங்கு நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். உள்ளங்கால் தட்டையாக இருக்கிறதே என்றார்கள். காலாட்படையில் நடந்தே போரிட்டவன் நான் என்றார். தொண்டையில் சதை பெருத்திருக்கிறதே என்றார்கள். நான் பாட்டுக் கச்சேரிக்கு வரவில்லை என்றார். இறுதியில் உடல் தகுதி உண்டு என்றே தீர்ப்பாயிற்று. பின்னர்? உடன் பறந்த வெள்ளையர்கள் ஒருவர்பின் ஒருவராக அதிகாரிப் பதவி பெற்று மாறிச் சென்றனர். புல்லார்டுக்கு அழைப்பு வரவில்லை.

பெரியோர்களே, மறுப்பாணை ஒன்று வந்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு வழக்காடலாம், முறையிடலாம். தேர்வில் தோற்றிருந்தால் மீண்டும் எழுதலாம். தேர்வில் வென்றவனுக்கு மறுமொழியே தராமல் இருப்பது என்பது மிக நயமான முறை. அதைக் கையாண்டவர்கள் கை அழுக்காவதில்லை. இந்த முறை நம்மவர்களுக்குப் புதிதன்று என்பதால் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அந்த மௌனத்தின் பொருளை 1925இல் அமெரிக்கத் தரைப்படையின் போர்க் கல்லூரி வெளிப்படையாகவே எழுதியது. கறுப்பர்கள் அறிவிலும் துணிவிலும் தாழ்ந்தவர்கள், தலைமைப் பொறுப்புக்கு ஆகாதவர்கள் என்பது அவ்வறிக்கையின் முடிவு. அதை எழுதியவர்கள் காலத்திலேயே, வெர்டனில் போரிட்டு, உரிமம் பெற்றுப் போர் விமானத்தில் பறந்த ஒருவர் பாரிசில் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார். அவரை ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அமெரிக்கப் படை தன் முதல் கறுப்பின விமானிகளுக்குச் சிறகுச் சின்னம் அணிவித்தது 1942 மார்ச்சில்தான், அதுவும் டசுகீகீயில் தனியே பிரித்து வைத்த பள்ளியில். படையில் நிறப்பிரிவினையை நீக்கும் ஆணையை அதிபர் ட்ரூமன் பிறப்பித்தது 1948 சூலையில்.

கறுப்பினப் பெண்மணி பெசி கோல்மன் விமானம் ஓட்டக் கற்க விரும்பியபோதும் அமெரிக்காவில் ஒரு பள்ளியும் இடந்தரவில்லை. சிகாகோவில் நகப்பூச்சுத் தொழில் செய்தவர் அவர். பிரெஞ்சு மொழி கற்று, கடல் கடந்து, 1921 சூனில் பிரான்சில் உரிமம் பெற்றுத் திரும்பினார். நம் நாட்டவரான அர்தித் சிங் மாலிக்கு ஆக்சுபோர்டில் பயின்றவர். பிரிட்டானியப் படை அவருக்கு அதிகாரிப் பதவி தரத் தயங்கிற்று. பிரெஞ்சுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் மருத்துவ ஊர்தி ஓட்டினார். பிரெஞ்சு வான்படையே தம்மைச் சேர்த்துக்கொள்ள இசைந்ததைத் தம் பேராசிரியருக்கு எழுதினார். பேராசிரியர் பிரிட்டானியத் தளபதிக்கு எழுதிய ஒரு கடிதம் கதவைத் திறந்தது; 1917இல் அவர் பிரிட்டானிய வான்படை அதிகாரியானார். மாலிக்குக்குக் கடிதம் எழுத ஒரு பேராசிரியர் இருந்தார். புல்லார்டுக்கு அப்படி ஒருவர் இல்லை. கல்விச் சங்கங்கள் செய்யத்தக்க பணிகளில் இதுவும் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

பிரான்சு அவரை எப்படி நடத்தியது? இங்கே நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். பிரான்சைச் சொர்க்கமாக வரைந்து காட்டும் வழக்கம் நம் மேடைகளில் உண்டு. 1917 நவம்பரில் புல்லார்டு விமான அணியிலிருந்து நீக்கப்பட்டார். விடுப்பில் இருந்தபோது தம்மை இழிவாகப் பேசிய ஒரு பிரெஞ்சு அதிகாரியுடன் ஏற்பட்ட கைகலப்பே காரணமென்று கூறப்பட்டது. அமெரிக்கர் சிலரின் தூண்டுதலும் இருந்தது என்பது அவருடைய வரலாற்றை ஆராய்ந்தோர் கருத்து. 1918 தொடக்கத்தில் பழைய 170ஆம் அணிக்கே திரும்பி, போருக்குப் பின் 1919இல் விடுபடும்வரை எடுபிடிப் பணிகளில் காலம் கழித்தார். இன்னொன்றும் உண்டு. அதே போரில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மட்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின வீரர்களைப் பிரான்சு ஐரோப்பியக் களங்களுக்குக் கொண்டுவந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் குடியுரிமையற்ற ஆட்சிக்குட்பட்டோர். கட்டாயமாகத் திரட்டப்பட்டோரும் பலர். சமத்துவம் பேசிய நாடு, அமெரிக்கக் கறுப்பனுக்கு நாற்காலி தந்தது. தன் குடியேற்ற நாட்டுக் கறுப்பனுக்கு அதே நாற்காலியைத் தரவில்லை. இரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

எனினும் புல்லார்டு பிரான்சை விடவில்லை. இரு போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் பாரிசு மோன்மார்த்தரு பகுதியில் முரசு கொட்டினார், இரவு விடுதி நடத்தினார், உடற்பயிற்சிக் கூடம் வைத்தார். கவிஞர் லாங்சுடன் கியூசு வறுமையுற்றிருந்த 1924இல் அவர் பொறுப்பிலிருந்த விடுதியில் பாத்திரம் துலக்கினார். பிரெஞ்சுப் பெண்ணை மணந்து, இரு பெண்மக்களைப் பெற்று, மணமுறிவுக்குப் பின் அவர்களைத் தாமே வளர்த்தார். ஜெர்மானிய மொழி அறிந்தவராதலின், 1939இல் தம் விடுதிக்கு வரும் ஜெர்மானியர் பேச்சைக் கேட்டுப் பிரெஞ்சு உளவுத்துறைக்கு அறிவித்தார். 1940 சூனில், நாற்பத்து நான்கு வயதில், மீண்டும் துப்பாக்கி ஏந்திப் போரிட்டு முதுகெலும்பில் அடிபட்டார். ஜெர்மானியர் கையில் அகப்பட்டால் உயிர் தப்பாது என்பதால் எசுப்பானியா வழியாக நியூயார்க்கு சென்றார். பெண்மக்கள் பின்னர் வந்து சேர்ந்தனர்.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் பிறந்த நாட்டுக்கு வந்தவரை அங்கே அறிந்தவர் இல்லை. துறைமுகத்தில் வேலை செய்தார். வாசனைத் தைலம் விற்றார். இசைஞர் லூயி ஆம்சுட்ராங்குக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்றார். 1949 செப்டம்பரில் பாடகர் பால் ராப்சனின் இசை நிகழ்ச்சிக்காகப் பீக்சுகில் என்னும் ஊருக்குப் போனபோது, கும்பலும் காவலரும் சேர்ந்து அவரைத் தரையில் தள்ளி அடித்தனர். அதன் ஒளிப்படங்கள் இன்றும் உள்ளன. அடித்தவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. அடிபட்டவரின் வயது ஐம்பத்து மூன்று.

இறுதியாக அவர் செய்த வேலை, ராக்பெல்லர் மையக் கட்டடத்தில் லிப்டு இயக்குவது. சீருடை அணிந்து, பொத்தான்களைத் துலக்கி, ஏறுவோரை ஏற்றி இறங்குவோரை இறக்கினார். 1954இல் பிரெஞ்சு அரசு அவரைப் பாரிசுக்கு அழைத்து, வெற்றி வளைவின் கீழ் உள்ள பெயர் அறியா வீரனின் கல்லறையில் அணையா விளக்கை ஏற்றுவோருள் ஒருவராக நிறுத்தியது. 1959 அக்டோபரில் லெஜியோன் தோனர் என்னும் உயர் விருதை அளித்தது. அவர் பெற்ற பிரெஞ்சு விருதுகளில் அது பதினைந்தாவது. அதன் பின்னரே அதே கட்டடத்தில் இயங்கிய என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம், தன்னுடைய லிப்டில் நாள்தோறும் நிற்பவர் யார் என்பதை அறிந்தது. டிசம்பர் 22ஆம் நாள் ஒளிபரப்பில் அவரைப் பேட்டி கண்டனர். லிப்டுச் சீருடையுடனேயே வந்து அமர்ந்தார். மறுநாள் வழக்கம்போல் வேலைக்குச் சென்றார். 1960இல் நியூயார்க்கு வந்த தெ கோல், கூட்டத்தில் அவரை அடையாளங்கண்டு தழுவிக்கொண்டார்.

1961 அக்டோபர் 12ஆம் நாள், அறுபத்தாறு வயது நிறைந்த மூன்றாம் நாளில், வயிற்றுப் புற்றுநோயால் அவர் காலமானார். அயல்நாட்டார் படைப்பிரிவின் சீருடையில், நியூயார்க்கு பிளசிங் இடுகாட்டில் பிரெஞ்சுப் போர்வீரர்களுக்கு உரிய பகுதியில் அடக்கம் செய்தனர். அவர் எழுதிய தன்வரலாறு அவர் கண் முன் அச்சேறவில்லை. 1994இல் அமெரிக்க வான்படை அவருக்கு இரண்டாம் லெப்டினன்டு பதவியை வழங்கி ஆணை பிறப்பித்தது. மருத்துவக் குழு அவரைத் தகுதியுடையவர் என்று எழுதி எழுபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2019 அக்டோபர் 9ஆம் நாள், அவர் ஓடிப்போன அதே ஜார்ஜியா மாநிலத்தின் விமான அருங்காட்சியகத்தில் அவருக்குச் சிலை எழுப்பினர்.